கந்தையாவை நீக்கப் போனேன்

பலாலி விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி, எதற்காக வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒருவரை நீக்க வந்திருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மா மெதுவாக மொழிபெயர்த்தார்: "நீங்கள் ஆரையோ இல்லாமப் பண்ண வந்திருக்கிறியளாம். பாக்க அப்பிடித் தெரியேல்லையாம்." சுற்றுலா என்று அவசரமாகத் திருத்திக்கொண்டேன். முத்திரை விழுந்தது.

நான் திருச்சியில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். பெயர் ஸ்டெல்லா. யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சிவமலருக்கும் அதே வேலை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி என்று ஓர் இணைய வகுப்பு நடந்தது. டியூட்டியில் இருந்தபடியே சேர்ந்த எங்கள் இருவர் பக்கமும் ஓயாமல் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதால், எங்களை மட்டும் ஒலியடைத்து வைத்திருந்தார்கள். பேச முடியாத இருவரும் தனியாகச் செய்தி அனுப்பிக்கொள்ள ஆரம்பித்தோம்.

அந்தப் பேச்சிலிருந்துதான் கட்டுரைக்கு விஷயம் கிடைத்தது. நர்ஸ் ஊசி மருந்து எடுக்கும்போது யார் யார் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள், எதற்காக? நோயாளியின் சொந்தக்காரர், டாக்டர், தொலைபேசி, கழிப்பறை எங்கே என்று கேட்பவர். அனுமதி வாங்கி, அவரவர் பிரிவில் இதையெல்லாம் குறித்தோம். பிறகு மருந்து மேசையைச் சுற்றித் தரையில் மஞ்சள் நாடா ஒட்டி, அந்தக் கோட்டுக்குள் நிற்கும் நர்ஸிடம் யாரும் பேசக்கூடாது என்று வைத்து, என்ன மாறுகிறது என்று பார்த்தோம். எழுதி அனுப்பினோம். வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது.

எங்கள் பிரிவிலிருந்து முன்பும் கட்டுரைகள் போனதுண்டு. கணக்கு எடுப்பது நாங்கள், பெயர் போட்டுக்கொள்வது டாக்டர்கள். நர்ஸ்கள் பெயர் மட்டுமே உள்ள முதல் கட்டுரை இதுதான்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். கந்தையா சிவமலர் என்பதில் கந்தையா அவளுடைய அப்பா. அப்பா பெயர் முன்னால் வரும் என்பது இதழின் கணினிக்குத் தெரியவில்லை. அது இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு காற்புள்ளியை வைத்து, இரண்டு ஆட்களாக்கிவிட்டது. இதழுக்குச் சிவமலர் கொடுத்திருந்த பழைய மின்னஞ்சல் முகவரி, அவள் அப்பாவின் தொழிலுக்காகத் திறந்தது. அந்த முகவரிக்கு, 'அன்புள்ள டாக்டர் கந்தையா, உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது' என்று கடிதம் போனது. டாக்டர் கந்தையா சந்தியில் இருக்கும் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்து வாசிக்கச் சொல்லி, 'மிக்க நன்றி, சம்மதம்' என்று பதிலும் அனுப்பிவிட்டார்.

எங்கள் நர்சிங் சூப்பரின்டெண்ட் அச்சுப்படியைப் பார்த்தார். எங்கள் இரண்டு பெயர்களையும் விட்டுவிட்டு மூன்றாவது ஆளின் பெயரில் விரலை வைத்தார். "யாரும்மா இந்த டாக்டர் கந்தையா? ரொம்ப நல்லா கைட் பண்ணியிருக்காரு."

இதழுக்கு எழுதினோம். ஏற்கெனவே சம்மதம் சொன்ன ஆசிரியரை நீக்க அவரே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரை நிற்கும் என்று பதில் வந்தது. சிவமலரைத் தொலைபேசியில் பிடித்தேன். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் உனக்குத் தெரியுமே, நீயே அனுப்பிவிடேன் என்றேன்.

"அப்பாட்டைக் கேளாமலோ? அது பொய்யெல்லோ அக்கா."

"அப்ப கேளு."

"கேட்டுப்போட்டன். மாட்டாராம். நீங்கள் ஒருக்கால் வந்து கதைச்சால் கேப்பார்."

அப்படித்தான் கிளம்பினேன்.

யாழ்ப்பாணம் வந்து அங்கிருந்து சாவகச்சேரிக்கு பஸ் ஏறினேன். தனியார் சிற்றுந்து. திருச்சியில் ஆள் ஏற்ற முடியாத அளவுக்குக் கூட்டம் வந்தால் கண்டக்டர் கத்துவார். இங்கே கண்டக்டர் மிக மரியாதையாக, "பின்னாலை போங்கோ, பின்னாலை இடம் கிடக்கு" என்றபடி, இல்லாத இடத்துக்குள் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார். என் பெட்டியை வாங்கி இன்ஜின் மூடிமேல் வைத்தார். இறங்கும்போது பெட்டிக்குள் இருந்த பால்கோவா உருகி, என் பருத்திப் புடவைகளில் பாதி இனிப்பாகியிருந்தது.

சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால் என்னை அழைத்துப் போகக் கந்தையாவே வந்திருந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் திருநீறு. அவர் ஓட்டி வந்த ஆட்டோவின் தலையில் இரண்டு பெரிய ஒலிபெருக்கிக் குழாய்கள் கட்டியிருந்தன. அவருடைய தொழில் அதுதான். கோயில் திருவிழா, கலியாணம், கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக்செட் போடுவார். யாராவது இறந்தால் ஆட்டோவில் ஊர் சுற்றி அறிவிப்பார்.

"வாங்கோ பிள்ளை. ஒரு சின்ன அறிவித்தல் கிடக்கு. முடிச்சுக்கொண்டு வீட்டை போவம்" என்றார்.

ஆட்டோவின் முகப்பில் சாவுக்கு அடையாளமான வெள்ளைத் துணி கட்டியிருந்ததை ஏறிய பிறகுதான் பார்த்தேன். மட்டுவில் கிராமத்து ஒழுங்கைகளுக்குள், அதாவது சந்துகளுக்குள், மெதுவாக நுழைந்தோம். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையில் மைக்கைப் பிடித்தார். அதுவரை கீச்சென்று பேசிக்கொண்டிருந்த மனிதரிடமிருந்து கோயில் மணி போல ஒரு குரல் வந்தது. "மட்டுவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பொன்னுத்துரை அவர்கள் இன்று காலமானார். அன்னாரின்…" வீடுகளிலிருந்து ஆட்கள் வாசல் படலைக்கு வந்தார்கள். எல்லோரும் முதலில் குழாயைப் பார்த்தார்கள், பிறகு பின் இருக்கையில் கசங்கிய புடவையோடு, தூக்கமில்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள்.

ஒரு வேலியோரத்தில் ஆட்டோ நின்றபோது ஒரு பெண்மணி வந்து என் கையைப் பிடித்தார். "வெளிநாட்டிலை இருந்து வாறியள் போல. மகளோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதைத் துக்கத்தில் தலை ஆடுவதாக எடுத்துக்கொண்டார். "நல்ல மனுசன். கத்தரிக்காய்க் கண்டுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருக்கேக்கையே போயிட்டார்" என்று அழத் தொடங்கினார். அவசரப் பிரிவில் இத்தனை வருடம் அழுகிறவர்களைத் தோளில் தாங்கியே பழகியவள் நான். கை தானாகப் போய் அவர் முதுகைத் தடவியது. அதன் பிறகு நான் மகள் இல்லை என்று யாரும் நம்பத் தயாராக இல்லை. அடுத்த ஒழுங்கையில் எனக்குச் சோடா கொடுத்தார்கள்.

வீட்டில் சிவமலரை முதன்முதலாக நேரில் பார்த்தேன். திரையில் பார்த்ததைவிட உயரம். "அக்கா, ஏன் அழுதிருக்கிறியள்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

மறுநாள் காலை இடியாப்பமும் சொதிக் குழம்பும். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சர்க்கரை போடுவோம் என்று சொன்னதைக் கந்தையா ஒரு நோயைப் பற்றிக் கேட்பது போலக் கவலையோடு கேட்டுக்கொண்டார். சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இதழின் கடிதம் லேமினேட் செய்து தொங்கியது. சிவமலர் டியூட்டிக்குப் போனதும் நான் பேச்சை எடுத்தேன்.

"ஐயா, கட்டுரை எழுதுனவங்க பேர்தான் அதுல வரணும். அதுதான் விதி."

"விளங்குது பிள்ளை. ஆனால் நான் திருவிழாவிலை மைக்கிலை சொல்லிப்போட்டன்."

"என்னன்னு?"

"என்ரை பேர் வெளிநாட்டுப் புத்தகத்திலை வருகுது எண்டு. ஊரிலை இப்ப என்னை டொக்டர் எண்டுதான் கூப்பிடுகினம். மைக்கிலை சொன்னதைத் திருப்பி எடுக்கிற வேலை மட்டும் என்னட்டைச் சொல்லாதேங்கோ. ஒருக்கால் செல்லத்துரை செத்துப்போனார் எண்டு அறிவிச்சுப்போட்டன். செத்தது அவரின்ரை தமையன். பிறகு அதே ஒழுங்கையெல்லாம் திருப்பிப் போய், அவர் உயிரோடை இருக்கிறார் எண்டு சொல்ல வேண்டி வந்தது. செல்லத்துரை இப்பவும் என்னோடை கதைக்கிறேல்லை."

கட்டுரையின் கடைசியில் நன்றியுரை என்று ஒரு பகுதி உண்டு, அதில் உங்கள் பெயரைப் போடலாம் என்றேன்.

அவர் சிரித்தார். "நான் எத்தினை கூட்டத்துக்கு மைக் போட்டனான். நன்றியுரை எண்டால் சனம் எழும்பிச் செருப்புத் தேடேக்கை வாசிக்கிறது. அதுக்கு நான் சத்தத்தையே குறைச்சுப்போடுவன்."

அவர் பாலில்லாத பிளேன்ரீயை ஊற்றி என் பக்கம் தள்ளினார். பிறகு, அந்த மைக் குரலும் இல்லாமல் கீச்சுக் குரலும் இல்லாமல், வேறொரு குரலில் சொன்னார்.

"இரண்டாவதா வந்த கடிதத்தைப் போட்டோக்கொப்பிக் கடைப் பிள்ளை வாசிச்சுச் சொன்னவள். கந்தையாவுக்கு இதிலை ஒரு பங்கும் இல்லையெண்டு நான் கையெழுத்து வைக்க வேணுமாம். தாய் இல்லாத பிள்ளை. நேர்சிங் படிக்க ஏத்தி இறக்கினது ஆர்? இப்பவும் டியூட்டி முடிய நேரஞ்சென்றால் வாசலிலை ஆட்டோவோடை நிக்கிறது ஆர்? ஒரு பங்கும் இல்லையெண்டு எப்பிடி எழுதிக் குடுக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்."

நான் பிளேன்ரீயைக் குடித்தேன். பங்கு என்று இதழ் சொல்வது வேறு, நீங்கள் சொல்வது வேறு என்று விளக்கலாம். விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். இந்த ஊர் 'ஓம்' எங்கள் ஊர் 'சரிங்க' மாதிரிதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். கேட்டேன் என்றுதான் அர்த்தம், ஒப்புக்கொண்டேன் என்று அல்ல.

அடுத்த நாள், கடல் பார்க்காமல் போகக் கூடாது என்று பருத்தித்துறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். அங்கே கிடைக்கும் தட்டை வடையைப் பற்றி வரணி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். நான் அந்த வடையைப் பார்க்கவே இல்லை. வழியில் ஒரு மாடு நடுச்சாலையில் படுத்திருந்தது. அதை எழுப்பலாம் என்று நான் இறங்கி ஆட்டோவுக்கு முன்னால் போனேன். கந்தையாவோ மாட்டை எழுப்ப மைக்கைத் திருகினார். கட்டுத் தளர்ந்திருந்த குழாய் அந்த அதிர்வில் நழுவி என் நெற்றியில் விழுந்தது. மாடு அசையவில்லை.

நெற்றிக் காயம் ஆழமில்லாவிட்டாலும் ரத்தத்தைக் கொட்டும். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவருடைய துண்டை வாங்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை ஐயா, இரண்டு தையல்தான் என்றேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை. ஆட்டோவைத் திருப்பினார். மிச்சமிருந்த ஒரு குழாயில், மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி வரைக்கும், அந்தக் கோயில் மணிக் குரலில் அறிவித்துக்கொண்டே வந்தார். "விலத்துங்கோ, விலத்துங்கோ. இந்தியாவிலை இருந்து வந்த மிஸி காயப்பட்டிட்டா." இங்கே நர்ஸை மிஸி என்பார்கள். சைக்கிள்கள் ஓரம் போயின. மோட்டார் சைக்கிள்காரர் சிலர் எங்களுக்கு முன்னால் வழி செய்துகொண்டு போனார்கள். கொஞ்ச தூரத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு சிறு ஊர்வலமே சேர்ந்துவிட்டது.

அவசரப் பிரிவில் சிவமலர் மருந்து மேசையில் நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவருக்கு ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றித் தரையில் மஞ்சள் நாடா. நான் எத்தனையோ முறை படத்தில் பார்த்த நாடா. இன்னொரு நர்ஸ் என்னைக் கட்டிலில் சாய்த்துக் காயத்தைப் பார்த்தாள். கந்தையா நேராக மஞ்சள் கோட்டுக்குள் போய் நின்றார்.

"மலர், அக்காவை ஒருக்கால் பார்."

அவள் சிரிஞ்சைக் கீழே வைத்தாள். புதிதாக ஒன்றை எடுத்து முதலிலிருந்து தொடங்கினாள்.

"மலர், ரத்தம் நிக்கேல்லை."

மீண்டும் கீழே வைத்தாள். எங்கள் கட்டுரை எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஊர்வலத்தில் வந்தவர்களும் உள்ளே எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"அப்பா, உந்தக் கோட்டுக்கு வெளியிலை நில்லுங்கோ" என்றாள் சிவமலர். சத்தம் போடவில்லை. "நான் மருந்து எடுக்கேக்கை ஒருதரும் கதைக்கக் கூடாது."

"ஒரு சொல்லுத்தானே."

"எல்லாரும் அந்த ஒரு சொல்லுத்தான் கதைக்கினம்."

அவர் கீழே பார்த்தார். கோட்டைக் கண்டார். கால்களைச் சேர்த்துப் பின்வாங்கி வெளியே நின்றார். அந்தச் சமயம் இளம் டாக்டர் ஒருவர் வந்தார். யார் என்று கேட்டார். கூட்டத்திலிருந்து ஒருவர், இவர்தான் கந்தையா என்றார்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "மலரின்ரை பேப்பரிலை இருக்கிற டொக்டர் கந்தையாவோ? உங்களைச் சந்திக்க வேணும் எண்டு நினைச்சனான் சேர். நல்ல வேலை செய்திருக்கிறியள். நேர்ஸ்மாரை வைச்சு இப்பிடி ஒரு ஆய்வு செய்யிறது லேசில்லை." கையை நீட்டினார்.

சிவமலர் கோட்டுக்குள் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பேச முடியாது. கந்தையா மகளின் முகத்தைப் பார்த்தார். ஊசிக்குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். உதடு இறுக்கமாக மூடியிருந்தது. எனக்கு ஒரு கண்ணில் ரத்தம், மறு கண்ணால் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் மைக்செட் போடுறவன் தம்பி" என்றார் கந்தையா. கையைக் கொடுக்கவில்லை. "எழுதினது உவளும், உந்தக் கட்டிலிலை கிடக்கிற பிள்ளையும்."

மூச்சு வாங்கிய முதியவர் தேறிவிட்டார். எனக்குத் தையல் போட்டது சிவமலர்தான். போட்டு முடியும்வரை கந்தையா மஞ்சள் கோட்டுக்கு வெளியே கைகளை விரித்து நின்று, வந்த ஒவ்வொருவரையும் தடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தேநீர் கொண்டு வந்த ஊழியரையும் தடுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அடுத்த ஒழுங்கையிலிருந்து மணிக் குரல் வந்தது. "திருத்தம். திருவிழாவில் அறிவிக்கப்பட்ட ஆய்வுக் கட்டுரையை எழுதியவர் கந்தையா அல்லர். எழுதியவர்கள் அன்னாரின் மகள் செல்வி சிவமலரும், இந்தியாவைச் சேர்ந்த ஸ்ரெல்லா அவர்களும் ஆவர். தவறுக்கு வருந்துகின்றோம்."

சிவமலர் புட்டுக் குழலை அடுப்பில் வைத்துவிட்டு அசையாமல் நின்றாள். குரல் ஒழுங்கை ஒழுங்கையாகத் தூரப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா வெள்ளைத் துணியைக் கழட்டாமல் போயிட்டார் அக்கா" என்றாள்.

அவள் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்திலேயே முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தக் குரல், அந்தத் துணி, அதில் இரண்டு பெண்களின் பெயர். மிச்சத்தை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. நானும் சிவமலரும் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் அயலவர்கள் தலையைக் குனிந்தபடி நுழைந்தார்கள். என் நெற்றிக் கட்டைப் பார்த்ததும் அவர்களுக்குப் பாதி உறுதியாகிவிட்டது. நான்தான் வாழைப்பழத்தைப் புட்டோடு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே அவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது. சோடா கொடுத்த வீட்டுக்காரரும் வந்திருந்தார். "தகப்பன் பொன்னுத்துரைக்குப் பின்னாலையே மகளும் எண்டு நினைச்சிட்டம்" என்றார்.

கந்தையா திரும்பி வந்தபோது வீடு நிறைய ஆட்கள். அவர்களுக்கெல்லாம் பிளேன்ரீ கொடுத்து அனுப்பிவிட்டு, என்னைப் போட்டோக்கொப்பிக் கடைக்குக் கூட்டிப் போனார். கடைப் பெண் கணினிக்கு முன்னால் உட்கார, அவர் பின்னால் கையைக் கட்டி நின்று, மைக் இல்லாமல் சொன்னார். "எழுது பிள்ளை. எனக்கும் உந்தக் கட்டுரைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எழுதினவளோடை மட்டும்தான் தொடர்பு. அந்தத் தொடர்பை வெட்டாமல், மிச்சத்தை வெட்டலாம்."

கடைப் பெண் என்னைப் பார்த்தாள். அதை ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது என்று இருவரும் நெடுநேரம் யோசித்தோம். கடைசியில் அவர் சொன்னபடியே போட்டோம்.

எனக்கு விமானம் மறுநாள். குடிவரவில் இம்முறை யாரும் எதுவும் கேட்கவில்லை, நெற்றித் தையலைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். கட்டுரை வெளிவந்தது. இரண்டே பெயர். அச்சுப்படியை எங்கள் சூப்பரின்டெண்டிடம் நீட்டினேன். முதல் பெயரிலிருந்து வாசித்தார். "ஏம்மா, நீயும் இந்தப் பொண்ணும் மட்டுமா?" என்றார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுக் கோப்பில் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான், ஆனால் அன்று முழுவதும் எனக்குப் பசிக்கவில்லை.

சில வாரம் கழித்துச் சிவமலர் தொலைபேசியில் வந்தாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை. இதழின் ஆசிரியர், டாக்டர் கந்தையாவின் நேர்மையைப் பாராட்டி, இன்னொரு கட்டுரையை மதிப்பிட்டுத் தர முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறாராம். வேறெங்கோ ஓர் அவசரப் பிரிவு நர்ஸ்கள் எழுதியது. அழைப்பில் தலைப்பும் சுருக்கமும் இருந்தன. மறுத்து எழுதத்தான் போகிறாள். ஆனால் அப்பாவைக் கேளாமல் எப்படி?

வாசித்துக் காட்டினாளாம். கந்தையா கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டுவிட்டு, ஆர் எழுதினது என்றாராம். மதிப்பிடுபவர்களுக்குத் தெரியக் கூடாது என்று எழுதினவர்களின் பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

"எல்லாரின்ரை பேரையுமோ?" என்று கேட்டிருக்கிறார்.

"ஓம் அப்பா, எல்லாரின்ரையும்."

கந்தையா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, போட்டோக்கொப்பிக் கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாராம். "முதல்லை அந்தப் பிள்ளையளின்ரை பேரைத் திருப்பிப் போடச் சொல்லி எழுதுவம்" என்றாராம். "மிச்சத்தைப் பிறகு பாப்பம்."